அடுக்களையிலும் கூலிக் கணக்கு உண்டு

குறைந்தபட்சக் கூலி என்றதும் ஆலைகளும் தேயிலைத் தோட்டங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. விடியற்காலையில் பழவந்தாங்கல் இரயில் நிலையத்தில் இறங்கி, நங்கநல்லூர் அடுக்ககங்களை நோக்கி விரையும் பெண்களை அச்சொல்லோடு சேர்த்து எண்ணுவோர் சிலரே.

தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டில் வீட்டுப் பணியாளர்க்கு மணிக்கு 37 ரூபாய் என்று நிர்ணயித்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் பாத்திரம் துலக்கி, வீடு கூட்டித் துடைப்பவருக்கு முப்பது நாட்களுக்கு 2,220 ரூபாய் ஆகிறது. அது அன்றைய கணக்கு. விலைவாசி அங்கேயே நின்றுவிடவில்லை. அந்த அன்றைய தொகையையேனும் கொடுக்கிறோமா?

நாடு முழுமைக்கும் அடித்தளக் கூலி வகுக்க இடமளிக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு 2019இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணையில் கண்ட தொழில்களுக்கே காப்பளித்தது. புதியதோ அந்த வரம்பை நீக்கியது. ஆயினும் அது பேசுவது ‘நிறுவன’த்தில் பணிபுரிவோரைப் பற்றி. குடும்பம் வாழும் இல்லம் நிறுவனமாகுமா என்பதில்தான் வழக்கு.

கூலியைக் கூட்டினால் வேலையே போய்விடும் என்பர் சிலர். அவ்வச்சத்தை முற்றிலும் தள்ளிவிட இயலாது. துணி துவைக்க இயந்திரம் வாங்கிவிட்டு ஆளை நிறுத்திய வீடுகள் உண்டு. எனினும் தென்னாப்பிரிக்காவின் அனுபவம் நோக்கத்தக்கது. அங்கு 2002இல் வீட்டுப் பணியாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி விதிக்கப்பட்டது. பின்னர் ஆராய்ந்தவர்கள், கூலி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்ததையும், வேலைவாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவு சரியாததையும் கண்டனர். இத்தனைக்கும் அரசின் கண்காணிப்பு அங்கே மிகச் சொற்பம்! 2019இல் வந்த தேசியக் கூலியில் இவர்களுக்கு முக்கால் பங்கே கிடைத்தது. 2022இல்தான் அது முழுமையாயிற்று.

நம் வீடுகளுக்கும் எந்த அதிகாரியும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைத் தராதவனுக்கு எதிராக மறுமையில் இறைவனே வழக்காடுவான் எனும் நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லம் ஏது? அதை முதலாளிகளுக்கே உரியதென்று ஒதுக்கிவிட்டோம் போலும்.

ரமலான் நெருங்கும்போது இன்னொரு தவறும் நேர்கிறது. நோன்பு மாதத்தில் வேலை பெருகுகிறது. கூடுதல் மணி நேரத்துக்குத் தனிக் கூலி பேசுவதில்லை. பெருநாளுக்குப் புடவை தந்தோமே, ஜகாத் தந்தோமே என்கிறோம். ஜகாத்தைக் கூலிக்கு ஈடாகக் கொடுத்தால் ஜகாத்தும் நிறைவேறாது, கூலியும் தீராது. வேலைக்குச் சேர்க்கும் அன்றே நேரம், தொகை, விடுமுறை, கூலி தரும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அவரிடமும் ஒரு படி கொடுத்துவிடலாம்.