ஹாலில் 25 நிமிஷம் கேட்பது தப்பா?

ஓசூரிலிருந்து ஓர் இல்லத்தரசி எழுதுகிறேன்.

கார்த்திகை கடைசியில் பனி இறங்க ஆரம்பித்தால் போதும், எங்கள் ஊரில் காலையில் நடக்கிற, ஓடுகிற பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய்விடுவார்கள். மாசி பிறந்து குளிர் விட்ட பிறகுதான் ஷூவைத் தேடி எடுப்போம். "குளிர் வந்தா உங்களுக்கெல்லாம் சோம்பல்" என்று வீட்டில் கேலி வேறு. இது சோம்பல் இல்லை. அதே சமயம், அந்த மூன்று மாதத்தையும் வீணாக்க வேண்டியதும் இல்லை. வீட்டுக்குள்ளேயே கடுமையான உடற்பயிற்சி செய்து, ஓடுகிற காலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். அதை எப்படிச் செய்வது, எப்படிச் செய்யக்கூடாது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் இருக்கும் என் தங்கை ஸ்வெட்டரைத் தேடாத நாளிலும் நாங்கள் காதைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவோம். ஜனவரியில் சூரியன் தலைகாட்ட 6.45 ஆகிவிடும். நமக்குக் கிடைக்கும் நேரமோ அதற்கு முன்னால்தான். முதல் ஷிப்டுக்கு வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு, பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் ஒரு முக்கால் மணி நேரம். அந்த இருட்டிலும் பனிமூட்டத்திலும் ரோட்டில் கம்பெனி பஸ், சிப்காட் லாரி, அத்திப்பள்ளி பக்கம் பறக்கும் கார்கள். போதாதற்குத் தெரு நாய்கள். மார்கழியில் விடியற்காலை வாசலில் கோலம் போட்டால் யாரும் தப்பு சொல்வதில்லை. அதே நேரத்தில் நாலு தெரு தள்ளி ஒருத்தி தனியாக ஓடினால் அவளுக்குப் பயம், வீட்டுக்கும் பயம். நியாயமான பயம்தான்.

ஆனால் சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகிறது? இரண்டு மூன்று வாரம் ஓடாமல் இருந்தாலே மூச்சுத் திறன் குறைய ஆரம்பித்துவிடும். மூன்று மாதம் கழித்து முதல் நாள் ஓடும்போது புதுசாக ஆரம்பித்தவள் மாதிரி மூச்சு வாங்கும். எங்கள் தெருவில் நாலு பேருக்கு, பெங்களூரில் 2008-ல் தொடங்கிய 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. அது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில் வரும். மார்கழி, தை இரண்டையும் விட்டுவிட்டு மாசியில் அவசரம் அவசரமாகத் தயாரானால் கால்தான் போகும்.

"வீட்டுக்குள்ள பயிற்சி செஞ்சு எவ ஓடியிருக்கா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பெண்ணைச் சொல்கிறேன். கிறிஸ்டின் கிளார்க் என்று பெயர். அமெரிக்காவில் அலாஸ்கா மாகாணம், ஆங்கரேஜ் நகரத்து டாக்டர். இரண்டு பையன்களுக்குத் தாய். அங்கே குளிர்காலத்தில் பகல் என்பதே சில மணி நேரம்தான். ரோடெல்லாம் பனிக்கட்டி. அதனால் பெரும்பாலும் வீட்டிலிருந்த டிரெட்மில்லிலேயே ஓடிப் பழகினார். 2000 பிப்ரவரியில் நடந்த ஒலிம்பிக் தேர்வு மாரத்தானில் 2 மணி 33 நிமிடம் 31 விநாடியில் முதலாவதாக வந்தார். அந்த வருஷம் சிட்னி ஒலிம்பிக்கின் பெண்கள் மாரத்தானுக்கு அமெரிக்காவிலிருந்து போனவர் அவர் ஒருவர்தான். நமக்கு டிரெட்மில் வாங்கக் கட்டுப்படியாகாது. ஆனால் வெளியே போக முடியாத மாதங்களை அந்தத் தாய் விட்டுவிடவில்லை. அதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். செல்போனைத் திறந்தால் "சில வாரத்தில் உடம்பே மாறிவிடும்" என்று ஒருவர் குதிக்கிறார், நாமும் கூடவே குதிக்க வேண்டும். தினமும் முக்கால் மணி நேரம், ஒரு நாள் கூட ஓய்வு கிடையாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் போன வருஷம் அப்படிச் செய்தாள். ஃபேக்டரியில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு தினமும் குதித்தாள். நாலாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி. இரண்டு மாதம் நடக்கக்கூட யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

காரணம் இதுதான். இருதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "முடியும்" என்று சொல்லும்போது கால் "முடியாது" என்று சொல்லும். அதைத்தான் நாம் கேட்பதில்லை.

"நாலு நிமிடப் பயிற்சி" என்று ஒன்று பிரபலமாக இருக்கிறதே, அதன் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்பானைச் சேர்ந்த இசுமி தபாத்தாவும் அவரோடு இருந்தவர்களும் 1996-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டு முறை. ஆறு வாரத்தில் மூச்சுத் திறனும் கூடியது, வேகத்துக்கான சக்தியும் கூடியது. ஆனால் அதைச் செய்தவர்கள் ஏற்கெனவே விளையாட்டுப் பழக்கம் உள்ள வாலிபர்கள். செய்ததும் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில். குதிக்கவே இல்லை! பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு நம்மை டைல்ஸ் தரையில் குதிக்கச் சொல்கிறார்கள்.

அப்படியென்றால் ஓடுகிற பெண்ணுக்கு என்னதான் வேண்டும்? ஓடும்போது எந்த நேரமும் ஒரே காலில்தான் இறங்குகிறோம். உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அந்தக் காலில் விழுகிறது. ஆகவே இடுப்பு, தொடை, கெண்டைக்கால் மூன்றுக்கும் பலம் வேண்டும். நான் செய்வதைச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 25 நிமிஷம். கட்டாயம் ஷூ போட்டுக்கொண்டு.

முதல் 5 நிமிஷம் நின்ற இடத்திலேயே நடை, கை சுழற்றல், உடம்பு சூடாகும் வரை. அடுத்த 15 நிமிஷத்தில் 15 பஸ்கி. பிறகு ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்கி எழுவது, காலுக்குப் பத்து. படி விளிம்பில் சுவரைப் பிடித்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 15. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது 15. முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி 30 விநாடி. இந்தச் சுற்றை நிறுத்தி நிதானமாக மூன்று முறை. கடைசி 5 நிமிஷம் மாடிப்படி. 20 விநாடி வேகமாக ஏறி, மெதுவாக இறங்க வேண்டும். படி இல்லாதவர்கள் நின்ற இடத்தில் முட்டியை உயர்த்தி வேகமாக அடி வைக்கலாம். கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார். பிறகு மூச்சு சமநிலைக்கு வரும் வரை மெதுவாக நடந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

மூன்று 25 சேர்ந்தால் 75. கடும் பயிற்சியாக இருந்தால் வாரத்துக்கு 75 நிமிடமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கும் அதுதான். ஆனால் இது ஓட்டத்துக்குத் துணைதானே தவிர மாற்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்த பிறகு, ஏழரை மணிக்கு மேல், ராமநாயக்கன் ஏரிப் பக்கம் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓடிவிடுங்கள். கால் ஓட்டத்தை மறக்காது.

சிலர் அவசரப்படக் கூடாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. படி ஏறினாலே தலை சுற்றுகிறவர்கள் முதலில் ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். பிரசவத்துக்குப் பின் குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்று வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பயிற்சியையே விட்டவர்கள் எத்தனை பேர்! அது பலருக்கும் வருவது. இடுப்புக்குழித் தசைக்கென்று தனிப் பயிற்சி உண்டு. பெண் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எல்லாம் சரி, வீட்டில் விடுவார்களா என்று கேட்பீர்கள். என் மாமியார் சொல்வார்: "நாங்க எல்லாம் உரல்ல இடிச்சோம், அம்மியில அரைச்சோம். தனியா எதுக்கும்மா எக்சர்சைஸ்?" அத்தை சொல்வது நியாயம்தான். உரலும் அம்மியும் அவர்களுக்குத் தோளையும் இடுப்பையும் கொடுத்தன. இன்று நமக்கு மிக்ஸியும் கிரைண்டரும். வீட்டு வேலையில் களைப்பு வருகிறதே ஒழிய, மூச்சு இரைக்கும் அளவுக்கு இருதயம் வேலை செய்வதில்லை. அதை அவரிடமே சொன்னேன். இப்போது நான் பயிற்சி முடிப்பதற்குள் கேழ்வரகுக் கூழைக் கரைத்து வைத்துவிடுகிறார்.

என் வருத்தமெல்லாம் வேறு. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் ஹாலில் டி.வி.யை நிறுத்துகிறோம். வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கினால் குக்கர் விசில்கூட வராமல் பார்த்துக்கொள்கிறோம். அம்மா 25 நிமிஷம் ஹாலைக் கேட்டால் மட்டும் "காபி எங்கே, சாக்ஸ் எங்கே" என்று நாலு குரல். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடாமல் இருப்பது செலவில்லாத உதவி. கணவன்மார்களும் பிள்ளைகளும் இதைப் படித்தால் தயவுசெய்து யோசிக்கட்டும். தோழிகளே, நீங்களும் அவர்களாகக் கொடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த மூன்று நாள், எத்தனை மணி என்று காலண்டரில் குறித்து ஹாலில் மாட்டிவிடுங்கள். மாசியில் ரோட்டில் சந்திப்போம்.

- ஒரு வாசகி, ஓசூர்.