தலையில் அடிபட்ட பிள்ளையைத் திரும்ப மைதானத்தில் இறக்காதீர்கள்



தலையோடு தலை மோதி விழுந்த பையனுக்குத் தண்ணீர் தெளித்து, "ஒண்டுமில்ல, எழும்பு" என்று திரும்ப இறக்கிவிட்டுக் கைதட்டுகிறோம். இதுவா வீரம்?

2019இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதனையில் தேறி அன்றே துடுப்பெடுத்தாடினார். மறுநாள் காலை தலைவலி, மந்தம். அடுத்த டெஸ்ட்டும் போனது. டொக்டர் பக்கத்திலேயே நின்ற ஆளுக்கே இப்படி. நம்மூர் மைதானத்தில் ஐஸ் கட்டி கூட இல்லை.

மூளை அதிர்வு பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. தலைவலி நின்ற பிறகும் மூளை ஆறிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு நான்கு வாரமும் எடுக்கலாம். முதலில் வகுப்பறை, பிறகு மெதுவான ஓட்டம், கடைசியில்தான் ஆட்டம். வாந்தி எடுத்தால், தூங்கி வழிந்தால் உடனே ஆஸ்பத்திரி.

இறுதிப் போட்டியாவது மண்ணாங்கட்டியாவது! டொக்டரின் துண்டு இல்லாமல் அணியில் பெயர் எழுத மாட்டோம். கழகக்காரர்கள் சிபாரிசோடு வரவேண்டாம்.