மூடி வச்ச வள்ளுவர்

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் போயிருக்கீங்களா? என் அத்தை வீடு அங்கதான். சின்ன வயசுல லீவுக்குப் போனா, மூடிக் கட்டி வச்ச ஒரு சிலையைக் காட்டி, "அது நம்ம வள்ளுவர்டா"ன்னு அத்தை குரலைத் தாழ்த்திச் சொல்லும். சொந்தப் புலவர் பேரைச் சொல்ல ஏன் பயம்?

1991ல வச்ச சிலை. கன்னட அமைப்புகள் எதிர்ப்பு, காவிரிக் கலவரம், கோர்ட்டு கேஸு. 2009 ஆகஸ்ட் 9ல கலைஞர் போய்த் திறந்து வச்சார், அப்போ கர்நாடக முதல்வரா இருந்த எடியூரப்பாவும் கூட நின்னார். நாலே நாள்ல சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞருக்கும் சிலை. நாலு நாள்ல முடியுற காரியத்துக்கு 18 வருஷமா? எனக்கு இன்னும் ஆறல.

அதனாலதான் இங்க எங்க ஊர் காவேரிப்பட்டினத்துல நடக்கிறதைப் பார்த்தா வயிறு எரியுது.

போன வாரம் ஒரு மெடிக்கல் ஷாப். மாங்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்கு வந்த ஒடிசாப் பையன், விரல்ல கட்டு. மாத்திரை அட்டையைக் காட்டி என்னமோ கேட்கிறான். கடைக்காரர் சொன்ன தமிழையே இன்னும் சத்தமாச் சொல்றார். கத்தினா பாஷை புரிஞ்சிடுமா? பின்னாடி நின்னவர், "ஏ இந்திக்காரா, தள்ளு"ங்கிறார். அவன் பேசினது ஒடியாங்க! நம்மளை 'மதராசி'ன்னா மட்டும் எப்படிக் கொதிக்கிறோம்?

இந்தித் திணிப்பு கூடாதுன்னு சொல்றவன்தான் நானும். டில்லி திணிக்கிறது வேற, பிழைக்க வந்தவன் வாயில இருக்கிற பாஷை வேற. ரோட்டோரச் சுவர்ல மயில் வரையிறோம், மாம்பழம் வரையிறோம், 'வருக வருக'ன்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதுறோம். இந்தியில நான் பார்த்தது 'துப்பாதே', 'உள்ளே வராதே' ரெண்டும்தான். அதட்டுறதுக்கு மட்டும் வந்தவங்க பாஷை வேணுமா? ஒடியாவுக்கு அதுகூட இல்ல. ஊர் பேர் சொல்லி விக்கிற நம்ம நிப்பட்டுப் பலகாரத்துக்கே கன்னடப் பேருதானே, அது நம்ம நாக்குல ஒட்டலையா?

அந்த மெடிக்கல் ஷாப்ல கடைசியா பேனா வாங்கி, மாத்திரை அட்டைக்குப் பின்னாடி ஒரு நிலா வரைஞ்சேன். பக்கத்துல ஒரே ஒரு கோடு. ராத்திரிக்கு ஒண்ணு. அவனும் விரலை நீட்டி, ஒண்ணுன்னு காட்டிட்டுப் போனான்.