பத்து வீட்டுப் பாதை

மறுசுழற்சிக் குப்பை எடுக்கும் வாரத்தில், ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பக்கம் காலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். பத்து வீடுகளுக்குப் பொதுவான ஒரு பாதையின் வாயில். வீட்டுக்கு மூன்றாக முப்பது தொட்டிகள். சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, உணவுக் கழிவுக்கான சின்னத் தொட்டி. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர் சாலையில் இறங்கித்தான் போகவேண்டும். தனியார் நிலம் என்பதால் குப்பை லாரி பெரும்பாலும் உள்ளே நுழையாது. தொட்டிகளைத் தாண்டி எட்டிப் பார்த்தால் கான்கிரீட்டில் குறுக்கே ஒரு விரிசல். அதை அடைக்கவேண்டியவர்கள் அந்தப் பத்து வீட்டுக்காரர்களே.

இவற்றை வடிவமைக்கும் நாம் ‘ஜோல்’ என்று சுருக்கிச் சொல்லும் கூட்டுரிமைப் பாதை இதுதான். ஆக்லாந்து ஒருங்கிணைந்த திட்ட விதிப்படி இப்படி ஒரு பாதை அதிகபட்சம் பத்துப் பின்மனைகளுக்கே பயன்படலாம். அதற்கு மேல் என்றால் வழக்கமாகப் பொதுச் சாலை போட்டு ஒப்படைக்கவேண்டும். விளைவு நமக்குத் தெரியும்: ஒரு சாலை வரவேண்டிய இடத்தில் பக்கம் பக்கமாக இரண்டு மூன்று ஜோல்கள். பொதுச் சாலைக்குரிய அகலம் மிச்சமானால் இன்னொரு வீடு எழும்பும்.

வீட்டுக்காரர்களே சாலையைப் பார்த்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு ஆக்லாந்துக்குப் புதிதல்ல. 1862-இல் மாகாண மன்றம் கொண்டுவந்த நெடுஞ்சாலைச் சட்டப்படி நில உரிமையாளர்களே வாரியம் அமைத்து, தங்களுக்குள் வரி போட்டு, தங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டார்கள். ரெமுவெரா வாரியம் 1915-லும் எப்சம் வாரியம் 1917-லும் நகரத்தோடு சேர்ந்தன. மவுண்ட் ரோஸ்கில் 1947-இல்தான் பரோ (தனி நகராட்சி) ஆனது. அதுவரை சாலை வாரியமாகவே ஓட்டியது. 2010-இல் எட்டு மன்றங்கள் ஒன்றாகி, சாலைகள் ஆக்லாந்து டிரான்ஸ்போர்ட் என்ற தனி அமைப்பின் கைக்குப் போயின. ஒன்றரை நூற்றாண்டு சிறுகச் சிறுகப் பொதுக்கணக்கில் ஏற்றிய பொறுப்பை, மனைப்பிரிவு வரைபடம் வழியே மறுபடியும் வீட்டுக்காரர் தலையில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

பழைய வாரியத்துக்கு வரி விதிக்கும் அதிகாரமாவது இருந்தது. இன்றைய பத்துப் பேருக்கு இருப்பது 2007-ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் தரும் ‘நியாயமான பங்கு’ கேட்கும் உரிமை. “என் வீடு வாயிலிலேயே இருக்கிறது, கடைசி வரை நான் எதற்குப் போகப்போகிறேன்?” என்று முதல் வீட்டுக்காரர் கைவிரித்தால் மற்றவர்கள் வழக்குக்குத்தான் போகவேண்டும். பொதுச் சாலைப் பராமரிப்புச் செலவில் ஏறக்குறைய பாதி தேசிய நிலப் போக்குவரத்து நிதியிலிருந்து வருகிறது. அந்த நிதிக்குப் பெட்ரோல் வரி கட்டுவோரில் ஜோல் வீட்டுக்காரரும் உண்டு. அவர் பாதைக்கு அதிலிருந்து ஒரு காசு வராது.

சாலைப் பொறுப்பை மாநகர மன்றத்திடமே திருப்புவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. பொதுச் சாலையை எந்த அலுவலகம் பார்ப்பது என்பதில்தான் விவாதம். ஜோல் எந்த அலுவலகத்தின் பேரேட்டிலும் இல்லை.

தமிழ்நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். அங்கே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வேண்டுமானால் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகவேண்டும். சாலை குண்டும் குழியுமாக இருக்கலாம்; யாரிடம் மனுக் கொடுப்பது என்பதில் குழப்பமில்லை.

அதற்காக எல்லா ஜோல்களையும் அரசு ஏற்கவேண்டும் என்று இந்த இதழ் சொல்லவில்லை. மேம்பாட்டாளர் மிச்சம் பிடித்ததை வரி செலுத்துவோர் ஈடுகட்டுவது நியாயமில்லை. லாரி திரும்ப முடியாத பாதையை மன்றம் வாங்கி என்ன செய்யும்? ஆனால் மூன்று வகைப் பாதைகளைத் தொடக்கத்திலேயே ஒப்படைக்கத் தக்க தரத்தில் வடிவமைக்கவேண்டும்: பக்கத்துத் தெருவுக்குப் பொதுமக்கள் நடந்து கடப்பவை, ஒன்றோடொன்று தொடுத்துப் போட்ட ஜோல்கள், பெருமழையில் மேல்நிலத்து வெள்ளம் ஓடும் பாதைகள். 2023 ஜனவரி 27 வெள்ளத்தைப் பார்த்த நகரத்தில் மூன்றாவது வகையைத் தனியார் விவகாரம் என்று ஒதுக்க முடியாது.

மற்றவற்றுக்கு நம் கையில் இருப்பதைச் செய்வோம். பராமரிப்பு நிதியும் வசூல் முறையும் உரிமைப் பத்திரத்திலேயே ஏறட்டும். அடிமண் சோதனை முடிவும், கட்டி முடித்த நிலையின் வரைபடமும் வீட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரட்டும். ஆக்லாந்துக் களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பதினைந்தாம் ஆண்டில் கான்கிரீட் பலகை பிளக்கும்போது மேம்பாட்டாளரின் கம்பெனி இருக்குமா தெரியாது. கீழே எத்தனை மில்லிமீட்டர் ஜல்லி கிடக்கிறது என்று அந்தப் பத்துப் பேர் தேடும்போது, நம் கையெழுத்துப் போட்ட தாளாவது அவர்களிடம் இருக்கவேண்டும்.