அம்மாகிட்ட பேச எத்தனை ஆப்பு?

"அந்தக் காலத்துல லெட்டர் எழுதினோம், பாசம் இருந்துச்சு. இப்ப செல்போன் வந்து எல்லாம் போச்சு"ன்னு பொலம்புற கோஷ்டி ஒண்ணு. "வீடியோ கால் வந்தாச்சு, உலகமே கைக்குள்ள. இன்னும் என்னய்யா வேணும்?"னு கைதட்டுற கோஷ்டி இன்னொண்ணு. எனக்கு ரெண்டு கோஷ்டியோடவும் சண்டை. பாசம் எங்கேயும் போகல. அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை காணாமப் போறது, நாம லீவுக்குப் போகும்போது அம்மா போன்ல ஏத்திக் கொடுத்துட்டு வர்ற ஆப்பு தான்.

எங்க உத்திரமேரூர் பக்கத்துல ஏதோ ஒரு கிராமம், அங்க ஒரு வீடு. சும்மா ஒரு உதாரணத்துக்கு மூணு பிள்ளைங்கன்னு வெச்சுக்குங்க. பெரியவன் ஒரகடத்துல ஷிப்டு வேலை, வாட்ஸப்ல கூப்பிடுவான். ரெண்டாமவன் துபாய். அங்க வாட்ஸப் கால் பல வருஷமா தடையில இருந்ததால, அவனுக்காக போட்டிம். பொண்ணு அமெரிக்கா. பேரன் டேப்லெட்ல கூகுள் மீட் தான் இருக்கு. ஆக, மூணு பிள்ளைக்கு மூணு ஆப்பு. ஒவ்வொண்ணுலயும் பச்சை பட்டன் ஒவ்வொரு இடத்துல இருக்கும். நடுவுல "அப்டேட் செய்யவும்"னு இங்கிலீஷ்ல ஒண்ணு வந்து நிக்கும்.

இதுல அந்தம்மா தடுமாறினா நாம என்ன சொல்றோம்? "அம்மாவுக்கு டெக்னாலஜி வராது."

வராதா? எஸ்டிடி பூத்துல மீட்டர் ஓடுறதைப் பாத்துக்கிட்டே பேசத் தெரிஞ்ச தலைமுறைங்க அது. அப்புறம் லேண்ட்லைன், பட்டன் போன், டச் போன்னு எல்லாத்தையும் கத்துக்கிட்டாங்க. கத்துக்கிட்டதை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி வேற ஒண்ணைக் கையில கொடுத்தா யாருக்குத்தான் வரும்?

பிடுங்கின கணக்கைப் பாருங்க. 2004ல வந்த ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30ல மூடினாங்க. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலை 17. 2005ல வந்த ஜிடாக், 2022 ஜூனோட முழுசா காலி. "கேமராவுல பேரனைக் காட்டு"ங்கறதுக்கே இன்னொரு பேரா இருந்த ஸ்கைப், 2003ல பொறந்து 2025 மே 5ல போய்ச் சேர்ந்துச்சு. அதை உபயோகப்படுத்தினவங்க யாராவது ஓட்டுப் போட்டா மூடினாங்க? கம்பெனி கணக்குக்குச் சரிப்பட்டு வரல, மூடிட்டாங்க. அவ்ளோ தான்.

இப்படித்தான் இருக்கணும்னு தலையெழுத்தா என்ன? பிஎஸ்என்எல் லேண்ட்லைன்ல இருந்து ஏர்டெல் நம்பருக்குப் பேசறோம், ஜியோவுல இருந்து அமெரிக்க நம்பருக்குப் பேசறோம். "நீ எந்த கம்பெனி?"ன்னு போன் கேக்கறதில்ல. ஈமெயிலும் அப்படித்தான். ஜிமெயில்காரன் யாஹூகாரனுக்கு எழுதலாம், ரெண்டு கம்பெனிக்கும் ஆகாதுன்னாலும் லெட்டர் போய்ச் சேரும்.

சாட்லயும் இது நடந்திருக்கு சாமிகளா. ஜிடாக் எக்ஸ்எம்பிபிங்கற பொது நெறிமுறையில ஓடுச்சு. 2006ல கூகுள் அதை வெளி சர்வர்களுக்கும் திறந்துவிட்டுச்சு. வேற கம்பெனி சர்வர்ல கணக்கு வெச்சிருக்கறவனும் ஜிடாக்காரனோட பேசலாம். 2013ல ஹேங்அவுட்ஸ் வந்தப்ப அந்தக் கதவைச் சாத்தினாங்க. முடியாததால சாத்தல, வேணாம்னு சாத்தினாங்க.

பொட்டி தட்டுற நம்மாளுங்க இப்ப சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும். "திறந்துவிட்டா ஸ்பாம் கொட்டும், என்கிரிப்ஷன் சிக்கலாகும், புது வசதி சேர்க்க வருஷக்கணக்கா ஆகும்." எல்லாம் நிஜமான சிக்கல் தான், ஒத்துக்கறேன். ஆனா கஷ்டம்ங்கறது வேற, முடியாதுங்கறது வேற. ஐரோப்பிய யூனியன் டிஜிட்டல் சந்தைச் சட்டம் போட்டு, 2024 மார்ச்ல இருந்து பெரிய மெசேஜ் கம்பெனிங்க கேட்கிற மத்த கம்பெனிங்களுக்கு வழிவிடணும்னு சொல்லிடுச்சு. வாட்ஸப்பும் என்கிரிப்ஷனை உடைக்காம அதை எப்படிச் செய்யறதுன்னு வேலை பார்க்க ஆரம்பிச்சுது. சட்டம் கேட்டா எஞ்சினியரிங் தானா வருது. வாட்ஸப்போட மிகப் பெரிய சந்தை இந்தியா. நாம ஏன் கேக்கல?

எல்லாரும் ஒரே ஆப்புல இருந்தா பிரச்சினை இல்லையேன்னு நினைக்கிறவங்களுக்கு 2021 அக்டோபர் 4 ஞாபகம் இருக்கட்டும். நம்ம ஊர்ல ராத்திரி ஒன்பது மணி தாண்டியிருந்தது. பராமரிப்பு வேலையில கொடுத்த ஒரு தப்பான கட்டளையால பேஸ்புக்கோட மொத்த நெட்வொர்க்கும் இணையத்துல இருந்து காணாமப் போச்சு. வாட்ஸப்பும் கூடவே போய், ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் பூரா செத்துக் கெடந்தது. அன்னிக்கும் சாதாரண போன் கால் போச்சு. ஆனா அம்மாவுக்கு நம்ம படம் தெரியும், நம்ம நம்பர் தெரியுமா?

உத்திரமேரூர்க்காரன் குடவோலையைப் பத்திச் சொல்லாம விட்டா ஊர்ல சேர்க்க மாட்டாங்க :-) முதலாம் பராந்தகன் காலத்துல, 919லயும் 921லயும், சபை உறுப்பினரை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு விதி எழுதிக் கல்லுல வெட்டி வெச்சாங்க. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் சொந்தக்காரனுக்கும் இடம் இல்லைன்னு அதுல இருக்கு. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆம்பளைங்களுக்கு மட்டுமான சபை அது, அதைப் பொற்காலம்னு நான் கொண்டாடல. ஆனா விதி சுவத்துல இருந்துச்சு, யாரும் ராத்திரியோட ராத்திரியா மாத்த முடியாது. 2021 ஜனவரியில வாட்ஸப் புது பிரைவசி விதியை நீட்டி, ஒத்துக்கிட்டா இரு, இல்லேன்னா போங்கற மாதிரி நின்னுச்சு. அதுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர்ல மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு, கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போச்சு. நடுவுல அந்தம்மா என்ன பண்ணாங்க? "ஒப்புக்கொள்கிறேன்"னு அமுக்கினாங்க. அமுக்கலேன்னா பிள்ளை குரல் கேக்காதேங்கற பயம்.

அதனால அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மூணு வேலை செய்யுங்க. ஒண்ணு, பிள்ளைங்க நம்பர் எல்லாத்தையும் கொட்டை எழுத்துல எழுதிச் சுவத்துல ஒட்டுங்க. சாதாரண கால் போட்டுப் பழக்குங்க. ரெண்டு, குடும்பத்துக்குன்னு ஒரே ஆப்பு எதுன்னு பேசி முடிவு பண்ணுங்க. யாருக்கு வசதியா இருக்கணும்? அம்மாவுக்கு. நாம தான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். மூணு, அப்பா குரல்ல வந்த மெசேஜ், பழைய போட்டோ எல்லாத்தையும் தனியா ஒரு டிஸ்க்ல எடுத்து வைங்க. கடையைச் சாத்தறவன் நம்ம அப்பா குரலைப் பத்திரமா வெச்சிருப்பான்னு நம்பாதீங்க.

அப்புறம், "அம்மாவுக்கு டெக்னாலஜி வராது"ங்கற வசனத்தைத் தயவுசெஞ்சு விட்டுடுங்க மக்கா. டெக்னாலஜிக்குத் தான் அம்மா வரல.

உங்க வீட்ல மொத்தம் எத்தனை ஆப்பு? பின்னூட்டத்துல கணக்குச் சொல்லிட்டுப் போங்க.