பொன்: எடையோ, ஒளியோ?

பொன்னென்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தே விலையை நினைத்தல் உலகவழக்கு. அதனால் திருவுருவங்களிற் பொன்னைச் சேர்ப்பதைச் சிலர் வீண் ஆடம்பரமென்று இகழ்கின்றனர். வேறு சிலர் அதுவே பக்தியின் அளவென்று மதிக்கின்றனர். இரு திறத்தாரும் பொன்னை எடையாகவே நோக்கினர். பண்டையோர் அதனை ஒளியாக நோக்கினர் என்பது நம் கருத்து.

துருவேறாமையும் நிறம் மழுங்காமையும் உடைமையின், கிரேக்கர் பொன்னை அழியாமைக்கு அடையாளமாக்கினர். மெல்லிய பொற்றகட்டில் மறுமைக்குரிய வழியைப் பொறித்து இறந்தோருடன் புதைத்தாரும் அவருள் உண்டு. ஆயினும், பீதியாஸ் என்னுஞ் சிற்பி பொன்னாலும் தந்தத்தாலும் இயற்ற, கி.மு. 438-இல் ஏதென்ஸ் நகரில் நிறுவப்பெற்ற அதீனா தேவியின் உருவத்தில் எடையும் புகுந்தது. அதன் பொன் 40 தாலந்து. இக்கால அளவில் 1000 கிலோவுக்கு மேற்பட்டது. அது கழற்றத்தக்கது என்றும், இடர்வந்துழிப் போர்ச்செலவுக்கு எடுத்துப் பின்னர் ஈடுசெய்யலாமென்றும் பெரிக்கிளிஸ் கி.மு. 431-இல் நகரத்தார்க்கு எடுத்துரைத்தார். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லக்காரிஸ் என்னுங் கொடுங்கோலன் அதனை உரித்தெடுத்தான். எடையாக எண்ணப்பட்ட பொன் எடையாகவே போயிற்று.

ஆதிக் கிறிஸ்தவரோ வேறொரு வழி கண்டனர். இத்தாலி நாட்டு ராவென்னா நகரில் 547-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற சான் விதாலே ஆலயத்தில், கண்ணாடிச் சில்லுகளினிடையே மிக மெல்லிய பொற்றாளைப் பொதிந்து சித்திரம் அமைத்தனர். நீலவானம் இருக்கவேண்டிய இடத்திற் பொன்னொளி நிறைந்துள்ளது. அஃது இவ்வுலக வானமன்று, இறைவன் சந்நிதானம் என்பதே குறிப்பு. பொன் சிறிது, ஒளியோ பெரிது. அவ்வொளி இன்றும் மங்கவில்லை.

இவ்வுண்மையை அறியக் கடல்கடந்து செல்லவேண்டுவதில்லை. செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்துக் குடைவரையில், பாறையினின்றே செதுக்கப்பெற்ற அரங்கநாதர் பள்ளிகொண்டுள்ளார். அவ்வுருவம் கழற்றத்தக்கதுமன்று, உருக்கத்தக்கதுமன்று. அதற்கு அணித்தேயுள்ள திருநாதர்குன்றில் தீர்த்தங்கரர் 24 பேரின் உருவங்கள் ஒரு பாறையில் நிரையாக உள்ளன. இவருள் 16 பேரைப் பொன்வண்ணத்தர் என்று சமண மரபு உரைக்கும். பாறையில் இன்று பொன்னின் சாயலுமில்லை. ஆயினும் மரபறிந்து நோக்குவார் நெஞ்சில் அவ்வண்ணம் தோன்றாமற்போமோ? அடையாளம் நெஞ்சிற் பதிந்துழி உலோகம் இன்றியும் நிற்கும்.

அங்ஙனமாயின், ஆலயத்திற் பொன்னே வேண்டாவோ எனின், அற்றன்று. ஒளியைச் சுட்டுமளவும் அதற்கு ஆங்கு இடமுண்டு. மனிதர் துயருக்கு மேலாக அது மதிக்கப்படும்போது அடையாளம் விக்கிரகமாகிவிடும். 4-ஆம் நூற்றாண்டில் மிலான் நகர அத்தியட்சராயிருந்த அம்புரோஸ், சிறைப்பட்டோரை மீட்கும்பொருட்டுத் திருப்பாத்திரங்களை உடைத்து உருக்கினார். எதிரிகள் பழித்தனர், பொன்னைக் காப்பதினும் ஆன்மாக்களைக் காப்பதே திருச்சபைக்குச் சிறப்பென்று அவர் விடையிறுத்தார்.

நம் ஆலயங்களுக்குப் பொன் வழங்குவோரும் அதனை இகழ்வோரும் இந்நிகழ்ச்சியைச் சிந்திப்பாராக. பசித்தவன் வாயிலில் நிற்க, உள்ளே ஒளிரும் பொன் எவ்வொளியைக் காட்டும்?