சாவி யார் கையில் இருந்தது?

மலைமேல் உள்ள ஓர் உறைவிடப் பள்ளி விழா எடுத்திருக்கிறது. பணக்கார வீட்டுப் பையன்களுக்கென்று தொடங்கிய பள்ளி. பிற்பாடு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆகிவிட்டனவாம். அங்கே படித்து வெளியேறிய பெண்களைப் போற்றி வழவழத் தாளில் ஒரு மலர் போட்டிருக்கிறார்கள். நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை அதற்கு அரைப் பக்கம் விளம்பரம் கொடுத்தது. அதனால் ஒரு பிரதி எங்களுக்கும் வந்தது. மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டார். நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

எடுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. என் பெரியம்மா அந்தப் பள்ளி விடுதியில் 31 வருசம் துணி துவைத்தவர்.

பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. படம் படமாகத் தடவிப் பார்த்தார். வெளிநாட்டில் பெரிய மருத்துவராக இருக்கும் ஓர் அம்மாளின் படத்தில் விரல் நின்றது. 'இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியும்யா. வந்த புதுசுல ராத்திரி பூராம் அம்மாவ நெனச்சு அழுவும். படுக்கைய நனைச்சுப்புடும். மத்த பிள்ளைக கேலி பண்ணுமேன்னு விடியுமுன்ன நாந்தான் விரிப்ப மாத்திப் போடுவேன்' என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: 'ஏய்யா, இதுல நான் எங்கயாச்சும் இருக்கேனா பாரு.'

பார்த்தேன். அட்டை முதல் அட்டை வரை பார்த்தேன். கடைசிப் பக்கத்து நன்றியுரையில் 'மற்றும் பணியாளர்கள்' என்று இரண்டு சொல் இருந்தது. அந்த இரண்டு சொல்லுக்குள்தான் பெரியம்மா இருக்கிறார். பாத்திரம் கழுவியவர்கள் இருக்கிறார்கள். கக்கூஸ் கழுவியவர்கள் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். எங்கள் தெரு, அடுத்த ஊர்ச் சேரி. பெண்களைக் கொண்டாடும் மலராம் அது!

என் சண்டை அந்த மருத்துவர் அம்மாளோடு இல்லை. ஒரு பெண் படித்து மேலே வந்தால் எனக்கு என்ன வயிற்றெரிச்சல்? என் சண்டை அந்த மலர் போடும் கணக்கோடு. எத்தனை மருத்துவர், எத்தனை வழக்கறிஞர், எத்தனை பேர் எந்தெந்தத் தேசத்தில் என்று கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். சேரியிலிருந்து எத்தனை பெண் என்ற கட்டம் மட்டும் இல்லை. விழாவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். 'அங்கெல்லாம் சாதி பாக்கிறதில்லைங்க' என்றார். உண்மைதான். கட்டணத்தைப் பார்த்தால் போதுமே, சாதியை எதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும்?

மலரின் முதல் கட்டுரை இன்னொரு பெருமையும் பேசுகிறது. அமெரிக்காவின் பேர்பெற்ற உறைவிடப் பள்ளிகளும் பெண்கள் சேர்ந்ததற்குப் பொன்விழா எடுத்தனவாம். அந்தப் பாரம்பரியத்தில் இவர்களும் நிற்கிறார்களாம். சரி, அவர்கள் காட்டிய பாரம்பரியத்தையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்.

*

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிறது பிலிப்ஸ் எக்ஸிடர் அகாதமி. 1781இல் தொடங்கிய பள்ளி. முதன்மைக் கட்டடத்தின் வாசலுக்கு மேலே லத்தீனில் பொறித்து வைத்தார்கள், பையன்களே, ஆண்மக்கள் ஆவதற்கு இங்கே வாருங்கள் என்று. பெண்கள் உள்ளே வந்தது 1970இல். 189 ஆண்டுகள்! வந்த பிறகும் தலைக்கு மேலே அந்த அழைப்பு அப்படியே நின்றது. பையன்களையும் பெண்களையும் சேர்த்து அழைக்கும் இன்னொரு லத்தீன் வரியைச் சேர்க்க 1996 ஆனது. 26 வருசம் அங்கே படித்த ஒவ்வொரு பெண்ணும் தன்னை அழைக்காத வாசல் வழியாகத்தான் உள்ளே போனாள்.

மாசசூசெட்ஸில் டீர்ஃபீல்ட் அகாதமி. இது இன்னும் விசித்திரம். 1797இல் அனுமதி பெற்றுத் தொடங்கியபோது ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளி. 1948இல் பெண்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். மறுபடி சேர்த்தது 1989இல். 41 வருசம் பூட்டு. ஆக, திறந்த கதவைத் திரும்ப மூடவும் அவர்களால் முடிந்தது. 1989இலிருந்து எண்ணினால் 1948க்கு முன்னால் அங்கே படித்த பெண்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? விழா எடுக்கிறவன் எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறான் என்று பாருங்கள். அரசியல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அதே மாசசூசெட்ஸில் ஆன்டோவர் என்ற ஊர். 1778இல் பையன்களுக்கென்று தொடங்கிய பிலிப்ஸ் அகாதமி ஒரு பக்கம். 1829இல் பெண்களுக்கென்று திறந்த அபட் அகாதமி இன்னொரு பக்கம். 1973இல் இரண்டையும் சேர்த்தார்கள். 144 வருசம் பெண்கள் படித்த பள்ளியின் பெயர் போனது, பையன்கள் பள்ளியின் பெயர் நின்றது. கல்யாணமான பெண்ணின் பெயர் போவது மாதிரி.

கதவைத் திறந்த நாளுக்கு மாலை போடுகிறார்கள். பூட்டிய நாளுக்கு யார் பதில் சொல்வது? சாவி யார் கையில் இருந்தது?

*

இப்போது அதே அமெரிக்காவில் வேறு ஒரு வாசலுக்குப் போவோம். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது சட்டப்படி குற்றமாக இருந்தது. அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1865இல். மூன்றே வருசத்தில், 1868இல், வர்ஜீனியாவில் விடுதலையானவர்களின் பிள்ளைகளுக்காக ஹாம்ப்டன் பள்ளி தொடங்கியது. தங்கிப் படிக்கும் பள்ளி. ஆணுக்கும் பெண்ணுக்கும் தொடக்கத்திலிருந்தே இடம். பெண்கள் தங்கக் கட்டடம் இல்லை. மாணவர்களும் மாணவிகளும் குழுவாக ஊர் ஊராகப் போய்த் தங்கள் சனங்களின் பாட்டைப் பாடிக் காசு சேர்த்தார்கள். வர்ஜீனியா ஹால் அப்படி எழும்பியது. எக்ஸிடரில் முதல் பெண் காலெடுத்து வைப்பதற்கு 102 வருசம் முன்னால் நடந்த கதை இது.

ஹாம்ப்டனை நான் கோயிலாக்கவில்லை. கறுப்பருக்குக் கைத்தொழில் போதும் என்ற அதன் போக்கை டு போய்ஸ் கடுமையாகத் தாக்கினார். சரியாகத்தான் தாக்கினார். பட்டம் வாங்க வந்த பெண்ணுக்குச் சலவையும் தையலும் சொல்லிக் கொடுத்து அனுப்பினால் என் பெரியம்மா அங்கேயும் நிற்கிறார் என்றுதான் அர்த்தம். ஆனாலும் கேட்கிறேன்: நேற்றுவரை அடிமையாக இருந்தவனுக்குப் பெண்ணையும் சேர்த்துப் படிக்கவைக்கத் தோன்றியது, நூற்றாண்டுச் செல்வம் குவித்தவனுக்கு ஏன் தோன்றவில்லை?

இன்னொரு பெயரை மனசில் வையுங்கள். சார்லட் ஹாக்கின்ஸ் பிரவுன். அடிமைகளின் பேத்தி. 1902இல் வட கரோலினாவில் செடாலியா என்ற சிற்றூரில், பழைய கொல்லன் பட்டறை ஒன்றில் பாமர் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு 19 வயது. ஆணும் பெண்ணும் தங்கிப் படித்த கறுப்பர் பள்ளி. 50 வருசம் அவரே நடத்தினார். 1920இல் மெம்பிஸ் நகரில் வெள்ளைக்காரப் பெண்கள் கூட்டத்தில் பேசப் புறப்பட்டார். ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியிலிருந்து அவரை எழுப்பிக் கறுப்பர் பெட்டிக்குத் துரத்தினார்கள் வெள்ளைக்காரர்கள். அவர் திரும்பிப் போகவில்லை. மெம்பிஸுக்குப் போய் அந்த அவமானத்தைக் கூட்டத்தின் முகத்துக்கு நேராகச் சொன்னார். 'நாம் எல்லாரும் பெண்கள்தானே' என்று பேசுகிறவர்கள் அந்த ரயில் பெட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாமர் பள்ளி பிற்காலத்தில் வசதியான கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியாகிப் போனது. அந்த விமர்சனமும் நமக்கு வேண்டும். ஆனால் அது முடிந்த தேதியைப் பாருங்கள். எக்ஸிடர் பெண்களுக்குத் திறந்தது 1970இல். பாமர் மூடப்பட்டது 1971இல். ஒரு பக்கம் பொன்விழாக் கணக்கு தொடங்குகிறது, மறுபக்கம் ஏழு பத்தாண்டுகளாகப் பெண்களைப் படிக்கவைத்த வாசல் அடைபடுகிறது. விழா எடுக்கப் பள்ளியே இல்லை. அந்த இடம் 1987இல் மாநில வரலாற்றுச் சின்னமானது, அவ்வளவுதான்.

இது எங்கேயோ நடந்த கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்டவர்களுக்குத்தான் மகாத்மா புலே 1873இல் 'குலாம்கிரி'யைக் காணிக்கையாக்கினார். அவரும் சாவித்திரிபாயும் பூனாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தது 1848இல். அவர்களிடம் படித்த முக்தா சால்வே, மாங் சாதிப் பெண், 1855இல் மாங், மகர் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். சிறு பெண். சாவி கிடைத்த உடனேயே அவள் கேள்விதான் கேட்டாள்.

*

நம் வாசலுக்கு வருவோம். 2009இன் கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு 25 விழுக்காடு இடம் தர வேண்டும் என்கிறது. எந்த வகுப்பில்? ஒன்றாம் வகுப்பில், அல்லது அதற்கு முந்தைய மழலை வகுப்பில். நாலாவது ஐந்தாவதில் ஆள் எடுக்கத் தொடங்கும் உறைவிடப் பள்ளியை இந்த விதி தொடவே தொடாது. பூட்டுப் போட வேண்டிய வேலைகூட இல்லை, சட்டமே வேறு தெருவில் போகிறது. 2005இன் 93ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் 15(5) பிரிவைச் சேர்த்தது. தனியார் கல்வி நிலையங்களிலும் நமக்கு இடம் ஒதுக்க அரசு சட்டம் போடலாம் என்றது. போடலாம். அந்த 'லாம்'இல்தான் நம் பெண்கள் நிற்கிறார்கள்.

நம் பெண்கள் தங்கிப் படித்தது எங்கே? ஆதிதிராவிடர் நல விடுதிகளில். 2023இல் அங்கே பள்ளி மாணவர் உணவுப்படியை மாதம் 1,400 ரூபாயாக உயர்த்தினார்கள். ஒரு நாளைக்கு 47 ரூபாய்கூட வரவில்லை, மூன்று வேளைக்கும். 2025இல் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். நல்ல பெயர். பலகையைப் படித்துவிட்டு அப்படியே பின்னால் போய்க் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். வயசுக்கு வந்த பிள்ளை படிப்பை விடுவதற்கு அந்தத் தாழ்ப்பாள் போதும்.

'பெண்களைச் சாதியால் பிரிக்கிறாயே' என்று சிலர் வருவார்கள். பிரித்தது நானா? ஒரே விடுதியில் ஒரு பெண் கட்டிலில் படுத்தாள், ஒரு பெண் அவள் விரிப்பைத் துவைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கோட்டை நான் போடவில்லை. இருக்கிற கோட்டை இருக்கிறது என்று சொல்வதற்குப் பெயர் பிரிவினை என்றால், நான் பிரிவினைக்காரன்தான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்குக் கைதட்டல் கிடைக்கும். நிறுத்தக் கூடாது. தோழர்களே, நம் வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறது?

என் அக்கா ஒன்பதாவதோடு நின்றாள். என்னைவிட நன்றாகப் படித்தவள். இரண்டு பேரையும் படிக்கவைக்க வழியில்லை என்று அப்பா சொன்னபோது யாரும் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. பையன் படிக்கட்டும் என்றார்கள். அவள் மில்லுக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில் நான் பி.காம். முடித்தேன், பரீட்சை எழுதினேன், வங்கிக்குள் வந்தேன். இடஒதுக்கீட்டுக்காக மேடையில் முழங்குகிறேன், கவிதை எழுதுகிறேன். என் கவிதையில் அக்கா எங்கே? 'மற்றும் பணியாளர்கள்' என்று இரண்டு சொல்லில் அவளை நானும்தான் முடித்திருக்கிறேன். நம் இயக்க மேடைகளில் எத்தனை பெண்கள் பேசுகிறார்கள், எத்தனை பெண்கள் பின்னால் நின்று சோறு வடிக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். எக்ஸிடர் வாசலில் கல்லில் பொறித்தார்கள், நாம் பொறிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே அவர்கள் விழாவில் நமக்கு நாற்காலி கேட்டு இதை எழுதவில்லை. மூன்று காரியம் கேட்கிறேன். உறைவிடப் பள்ளிகள் எந்த வகுப்பில் ஆள் எடுக்கின்றனவோ அந்த வகுப்பிலேயே இடம் கொடு என்று சட்டம் கேட்போம். 'பெண்கள் எத்தனை' என்று மார்தட்டுகிற ஒவ்வொரு பள்ளியிடமும் 'எந்தத் தெருப் பெண்கள்' என்று கேட்போம். மூன்றாவது, நம் விழாவை நாமே எடுப்போம். இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் உங்கள் ஊர் விடுதியில் தங்கிப் படித்து வெளியேறிய பெண்களின் கதையை, அவர்கள் சம்மதத்தோடு, எழுதி அனுப்புங்கள். ஆசிரியையாக இருக்கட்டும், செவிலியாக இருக்கட்டும், பாதியில் நின்று களை எடுக்கப் போனவளாக இருக்கட்டும். எல்லாரையும் எண்ணுவோம். இந்த இதழின் தாள் வழவழப்பாக இருக்காது. அதில் யாரும் 'மற்றும்' ஆக மாட்டார்கள்.

நான் முதல் பெயர் எழுதிவிட்டேன். என் அக்கா பெயர். இரண்டாவது பெரியம்மா பெயர். 'நான் எங்கய்யா படிச்சேன்' என்று சிரித்தார். 'முப்பத்தோரு வருசம் பள்ளிக்கூடத்துலதான இருந்தீக பெரியம்மா' என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. 'ஆமாய்யா, ஒரு பய ஒரு எழுத்துச் சொல்லிக் குடுக்கலயே' என்றார்.